வாய், தாடை, முக அறுவை மருத்துவராக விரும்புவோருக்கு: பிளஸ் டூ முதல் தனித் தொழில் வரை

சாலை விபத்தில் தாடை உடைந்த ஒருவரை எலும்பு மருத்துவரிடம் கொண்டுபோவதா, பிளாஸ்டிக் சர்ஜனிடம் கொண்டுபோவதா என்று உறவினர்கள் தடுமாறிக்கொண்டிருக்கும்போது, அவசரப் பிரிவு மருத்துவர் "டென்டல் சர்ஜனைக் கூப்பிடுங்கள்" என்று சொன்னால் அவர்களுடைய குழப்பம் கூடுமே தவிரக் குறையாது. பல் பிடுங்குகிறவருக்கும் உடைந்த முகத்துக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வி நியாயமானதுதான். இந்தியாவில் வாய், தாடை, முக அறுவை மருத்துவம் என்பது பல் மருத்துவத்தின் ஒரு மேற்படிப்புத் துறை. பி.டி.எஸ். என்னும் பல் மருத்துவ இளநிலைப் பட்டம் பெற்று, அதன்மேல் மூன்று ஆண்டுகள் எம்.டி.எஸ். என்னும் முதுநிலைப் படிப்பைப் பயின்றவர்களே இதன் நிபுணர்கள். இந்தப் பாதையில் கால் வைக்க நினைக்கும் மாணவர்களுக்கும், அவர்களுக்காகக் கட்டணம் கட்டப்போகும் பெற்றோருக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் என்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். தேர்வு விதிகள் மாறக்கூடியவை ஆகையால், விண்ணப்பிக்கும் ஆண்டின் தகவல் கையேட்டையே இறுதியானதாகக் கொள்ள வேண்டும்.

விண்ணப்பிக்கும் முன்: வேலையைத் தெரிந்துகொள்ளுங்கள்

இத்துறையில் எண்ணிக்கையில் மிகுந்த வேலை ஞானப்பல் எடுப்பதுதான். முளைக்க இடமில்லாமல் எலும்புக்குள் சாய்ந்தோ படுத்தோ கிடக்கும் கீழ்த்தாடை ஞானப்பல்லை வழக்கமான இடுக்கியால் பிடித்து ஆட்டி எடுத்துவிட முடியாது. முதலில் ஓ.பி.ஜி. என்னும் முழுத்தாடை எக்ஸ்ரேயில் பல்லின் வேர்களுக்கும் கீழ்த்தாடை நரம்பு ஓடும் குழாய்க்கும் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பார்க்கிறார்கள். மரத்துப்போகும் ஊசி போட்ட சில நிமிடங்களில் கீழ் உதட்டின் பாதி மரத்துவிட்டதா என்று கேட்டு உறுதி செய்துகொண்டு, ஈறைக் கீறி விலக்கி, சலைன் நீர் பாயும் டிரில்லால் பல்லைச் சுற்றியுள்ள எலும்பைச் சிறிது குடைந்து, தேவைப்பட்டால் பல்லையே இரண்டு துண்டாக்கி ஒவ்வொன்றாக எடுத்து, குழியைக் கழுவித் தையல் போடுகிறார்கள். வேர் அந்த நரம்பை ஒட்டியிருந்தால், உதட்டில் மரப்பு நாள் கணக்கிலோ மாதக் கணக்கிலோ நீடிக்கலாம், அரிதாக நிலைத்தும்விடலாம் என்பதை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லிக் கையொப்பம் வாங்குவதும் இந்த வேலையின் ஒரு பகுதியே.

அடுத்தது முக எலும்பு முறிவு. நம் ஊரில் இதற்கு முதற்காரணம் இருசக்கர வாகன விபத்து. முகவாயை மூடாத ஹெல்மெட் மண்டையைக் காப்பாற்றினாலும் கீழ்த்தாடையைக் காப்பாற்றுவதில்லை. இந்த இடத்தில்தான் மேலே சொன்ன கேள்விக்கு விடை இருக்கிறது. கையிலோ காலிலோ எலும்பைச் சேர்க்கும்போது ஓரிரு மில்லிமீட்டர் விலகல் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளக்கூடியது. தாடையில் அப்படியில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு அழகாகச் சேர்ந்திருந்தாலும், மேல் பற்களும் கீழ்ப் பற்களும் பழையபடி பொருந்தவில்லை என்றால் அந்த மனிதரால் சோற்றை மென்று விழுங்க முடியாது. ஆகவே அறுவை அரங்கில் முதலில் பற்களைத்தான் சேர்க்கிறார்கள். மயக்க மருந்துக் குழாயை வாய் வழியாக விட்டால் பற்களைக் கடிக்கவைக்க முடியாது என்பதால் அதை மூக்கு வழியாகச் செலுத்தியிருப்பார்கள். ஆர்ச் பார் என்னும் மெல்லிய உலோகப் பட்டையைப் பற்களோடு மெல்லிய கம்பியால் கட்டி, பற்களில் பல ஆண்டுகளாக ஒன்றோடொன்று உரசித் தேய்ந்த பளபளப்பான தளங்கள் எங்கே எங்கே பொருந்துகின்றன என்று பார்த்து, அந்தப் பழைய கடியிலேயே இரு தாடைகளையும் பூட்டுகிறார்கள். அதன் பிறகே முறிவைத் திறந்து, டைட்டானியத் தகட்டை வளைத்துத் திருகாணிகளால் பொருத்துகிறார்கள். பூட்டை அவிழ்த்துவிட்டுக் கடியை மறுபடி சோதிக்கும்போது ஒரு பக்கம் அரை மில்லிமீட்டர் இடித்தாலும் தகட்டைக் கழற்றி மறுபடி தொடங்கும் மூத்த மருத்துவர்களே இத்துறையில் நல்ல ஆசிரியர்கள். சிறு தகடுகள் பரவலாவதற்கு முன்பு நோயாளியின் வாயை நான்கு முதல் ஆறு வாரம் வரை கம்பியால் கட்டியே வைத்திருந்தார்கள். அத்தனை நாளும் அவருக்குக் கஞ்சியும் சாறும்தான் ஆகாரம்.

இத்துறை பல் மருத்துவத்திலிருந்து கிளைத்ததற்குக் காரணம், பற்களின் கடியை முதலில் சேர்க்க வேண்டிய இந்தத் தேவையே. முதல் உலகப் போரில் பதுங்குகுழிக்கு மேலே தலையைத் தூக்கி முகம் சிதைந்த வீரர்களுக்குச் சிகிச்சை செய்த ஹெரால்டு கில்லீஸ், அடிப்படையில் காது மூக்கு தொண்டை மருத்துவர். பிரான்ஸில் சார்லஸ் வலாடியே என்ற பல் மருத்துவர் தாடைக் காயங்களைச் சீரமைப்பதை 1915 இல் பார்த்துத்தான் அவர் இந்த வேலையின்பால் ஈர்க்கப்பட்டார். 1917 இல் இங்கிலாந்தின் சிட்கப்பில் திறக்கப்பட்ட முகக்காய மருத்துவமனையில் அறுவை மருத்துவர்களும் பல் மருத்துவர்களும் சேர்ந்தே வேலை செய்தார்கள்.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தாடைக்குள் வளரும் நீர்க்கட்டிகளையும் அமிலோபிளாஸ்டோமா போன்ற கட்டிகளையும் அகற்றுதல், உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவுமாகப் பிறந்த குழந்தைகளுக்கு உதட்டை மூன்று மாத அளவிலும் அண்ணத்தை ஒரு வயதை ஒட்டியும் தைத்துச் சேர்த்தல், மிக முன்தள்ளியோ பின்வாங்கியோ இருக்கும் தாடைகளை அறுத்து நகர்த்திச் சரியான இடத்தில் பொருத்துதல், சிறுவயதில் முகவாயில் அடிபட்டுத் தாடை மூட்டு இறுகி வாய் திறக்க முடியாமல் போனவர்களுக்கு மூட்டை விடுவித்தல், பாக்குப் பழக்கத்தால் கன்னம் உள்ளே நார்போல இறுகியவர்களுக்கு வாயைத் திறக்கவைத்தல், வாய்ப்புற்றைத் தசைத்துணுக்குச் சோதனையால் கண்டறிந்து புற்றுநோய்க் குழுவோடு சேர்ந்து அறுவை செய்தல், பல் உள்வைப்புப் பொருத்துதல் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இவற்றில் பிளாஸ்டிக் சர்ஜரி துறையும் காது மூக்கு தொண்டைத் துறையும் தங்களுக்கும் உரிமை உண்டு என்று சொல்லும் பகுதிகள் ஏராளம். எந்த நோயாளி யாரிடம் போவார் என்பது சட்டத்தைவிட அந்தந்த மருத்துவமனையின் வழக்கத்தைப் பொறுத்ததாகவே இருக்கிறது. சச்சரவு பிடிக்காதவர்கள் இதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

இரவில் தூக்கம் கெடும் துறைகளில் இதுவும் ஒன்று. கீழ்க் கடைவாய்ப்பல்லின் சொத்தையிலிருந்து பரவும் சீழ், தாடைக்கு அடியில் இரு பக்கமும் இறங்கி நாக்கை மேலே தூக்கிவிடும் நிலைக்கு லுட்விக் ஆஞ்சைனா என்று பெயர். 1836 இல் அதை விவரித்த ஜெர்மானிய மருத்துவரின் பெயர் அது. இந்த நோயாளி படுக்க முடியாமல் முன்புறம் சாய்ந்து உட்கார்ந்து எச்சில் வழியவிட்டபடி இருப்பார். பெரும்பாலும் சர்க்கரையும் கட்டுப்பாட்டில் இருக்காது. மூச்சுப்பாதையைக் காப்பதே முதல் வேலை, சீழை வடிப்பது அதற்கடுத்தது, காரணமான பல்லை எடுப்பது அதற்குப் பிறகு. இந்த வரிசையை மாற்றினால் ஆள் இறந்துவிடுவார்.

முதல் படி: பி.டி.எஸ். சேர்தல்

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் (அல்லது தாவரவியல், விலங்கியல்), ஆங்கிலம் படித்திருக்க வேண்டும். சேரும் ஆண்டின் டிசம்பர் 31 க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். 720 மதிப்பெண்ணுக்கு நடக்கும் நீட் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். மாநில ஒதுக்கீட்டு இடங்களை மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக்குழு கலந்தாய்வு மூலம் நிரப்புகிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீடு பி.டி.எஸ். படிப்புக்கும் பொருந்தும் என்பதைப் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகில் உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரியும், சிதம்பரம் அண்ணாமலை நகரிலும் புதுக்கோட்டையிலும் உள்ள அரசுக் கல்லூரிகளும் கட்டணம் குறைந்தவை. தனியார் கல்லூரிகள் பல உள்ளன.

எம்.பி.பி.எஸ். கிடைக்காத ஏமாற்றத்தோடு பி.டி.எஸ். சேர்பவர்கள், "பின்னால் சர்ஜரி எடுத்துக்கொண்டு சரிக்கட்டிவிடலாம்" என்று எண்ணுவது உண்டு. அந்த எண்ணத்தை நான் பரிந்துரைக்கமாட்டேன். பல்லை அற்பமாக நினைப்பவருக்கு அந்த அரை மில்லிமீட்டர் கண்ணில் படாது.

இரண்டாம் படி: ஐந்து ஆண்டுகளில் கவனிக்க வேண்டியவை

பி.டி.எஸ். நான்கு ஆண்டுப் படிப்பும் ஓராண்டு பயிற்சி மருத்துவப் பணியும் சேர்ந்தது. முதலாண்டில் உடற்கூறியலில் தலை, கழுத்துப் பகுதியை மருத்துவக் கல்லூரி மாணவர்களைவிட ஆழமாகப் படிக்க வேண்டியிருக்கும். முகநரம்பின் கிளைகள், மேல்தாடைத் தமனி, கழுத்தின் தசையடுக்குகள் ஆகியவற்றைப் படம் வரைந்து படித்தவர்களுக்குப் பத்தாண்டு கழித்து அறுவை அரங்கில் அது கைகொடுக்கும். இரண்டாம் ஆண்டு நோயியலும் மருந்தியலும். மூன்றாம் ஆண்டில் வரும் பொது மருத்துவத்தையும் பொது அறுவை மருத்துவத்தையும் பெரும்பாலான மாணவர்கள் தேறினால் போதும் என்று கடந்துவிடுகிறார்கள். சர்ஜரிக்கு வர நினைப்பவர் அப்படிச் செய்யக்கூடாது. வார்டில் ரத்த அழுத்தம் பார்ப்பது, நீரிழிவு நோயாளியின் கேஸ் ஷீட்டைப் படிப்பது, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று அறிவது எல்லாம் அந்த ஆண்டில்தான் இலவசமாகக் கற்றுக்கொள்ளக் கிடைக்கின்றன.

நான்காம் ஆண்டிலும் பயிற்சி மருத்துவப் பணியிலும் பல் எடுக்கக் கற்றுக்கொள்வீர்கள். கையில் பலம் உள்ளவரே நன்றாகப் பல் எடுப்பார் என்பது தவறான எண்ணம். எலும்பு விரிந்து கொடுக்கும் திசையை விரலால் உணர்ந்து அந்தப் பக்கம் மெல்ல அழுத்தம் தருபவர்தான் வேரை உடைக்காமல் எடுக்கிறார். சர்ஜரி பிரிவில் உங்கள் முறை முடிந்த பிறகும், மாலையில் பி.ஜி. (எம்.டி.எஸ். பயிலும்) மாணவர்களிடம் கேட்டுக்கொண்டு அறுவை அரங்கின் ஓரத்தில் நில்லுங்கள். நான்கு மணி நேரம் நின்று உறிஞ்சுகுழாயைப் பிடித்துக்கொண்டிருப்பது உங்களுக்குச் சலிப்பாக இருக்கிறதா, நேரம் போவதே தெரியவில்லையா என்று அங்கேயே விளங்கிவிடும். தையல் முடிச்சுகளை வீட்டில் பழைய துணியிலோ நுரைத் துண்டிலோ பழகிக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: எம்.டி.எஸ். இடம் பெறுதல்

பயிற்சிப் பணி முடித்து, மாநிலப் பல் மருத்துவர் மன்றத்தில் பதிவு செய்தவர்கள் நீட் எம்.டி.எஸ். எழுதலாம். தேசிய மருத்துவ அறிவியல் தேர்வு வாரியம் கணினி வழியில் நடத்தும் இத்தேர்வில் 240 கேள்விகள். சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழிவு. எய்ம்ஸ் போன்ற மத்திய நிறுவனங்களின் இடங்களுக்கு ஐ.என்.ஐ. செட் என்ற தனித் தேர்வு உண்டு. அரசுக் கல்லூரிகளின் எம்.டி.எஸ். இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும். 2023 இல் இயற்றப்பட்ட தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம், 1948 ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டத்துக்கு மாற்றாக வந்தது. பி.டி.எஸ். முடிப்பவர்களுக்கு நாடு தழுவிய இறுதித் தேர்வு ஒன்றுக்கும் அது வழிசெய்கிறது என்பதால், இப்போது படிப்பைத் தொடங்குபவர்கள் அறிவிப்புகளைத் தொடர்ந்து கவனித்துவர வேண்டும்.

தர வரிசையைவிடக் கடினமான முடிவு, எந்தக் கல்லூரியில் சேர்வது என்பது. ஒரே பட்டம் தரும் இரண்டு துறைகளுக்கு இடையில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு இருக்கும். கட்டடத்தைப் பார்க்காதீர்கள். அங்கே இரண்டாம், மூன்றாம் ஆண்டு படிக்கும் பி.ஜி. மாணவர்களைத் தனியாகச் சந்தித்துச் சில கேள்விகளைக் கேளுங்கள். கல்லூரியோடு பொது மருத்துவமனை இணைந்திருக்கிறதா, விபத்துப் பிரிவிலிருந்து இரவு அழைப்பு வருகிறதா? மாதத்துக்கு எத்தனை பெரிய அறுவைகள், அவற்றில் பி.ஜி. கையில் கத்தி வருவது எந்த ஆண்டில்? மயக்க மருந்து நிபுணர் முழுநேரமாக இருக்கிறாரா, அழைத்தால் மட்டும் வருபவரா? பிளவுபட்ட உதடு, அண்ண அறுவைகள் அங்கேயே நடக்கின்றனவா, முகாமுக்கு வரும் வெளி மருத்துவர்தான் செய்கிறாரா? பொது மருத்துவமனை இல்லாத தனிப் பல் மருத்துவக் கல்லூரியில் ஞானப்பல் நன்றாகக் கற்கலாம், உடைந்த முகத்தைக் கற்க முடியாது. தொலைவிலுள்ள அரசுக் கல்லூரியில் விடுதி மோசமாக இருந்தாலும் நோயாளிகள் வரிசையில் நின்றால், நான் அதையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

நான்காம் படி: மூன்று ஆண்டுப் பயிற்சி

முதலாண்டு மாணவரின் நாள், காலை ஏழு மணிக்கு வார்டில் டிரெஸ்ஸிங் மாற்றுவதில் தொடங்கி, ஓ.பி.யில் பல் எடுத்து, மாலையில் மறுநாள் அறுவைக்கான ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளையும் மயக்க மருத்துவரின் ஒப்புதலையும் சேகரிப்பதில் முடியும். இதைக் கூலி வேலை என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. ஆனால் அறுவைக்கு முன்னும் பின்னும் நோயாளியைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவரே அறுவை மருத்துவர் என்பதால், இந்த ஓட்டத்தைக் குறைத்துக்கொள்ள வழி தேட வேண்டாம். அந்த ஆண்டின் முடிவில் அடிப்படை அறிவியலுக்கான தாள் ஒன்றை எழுதியாக வேண்டும். பொது அறுவை, மயக்கவியல், நரம்பு அறுவை, பிளாஸ்டிக் சர்ஜரி, காது மூக்கு தொண்டை, புற்றுநோய் ஆகிய துறைகளுக்குச் சுழற்சிப் பணிக்கு அனுப்புவார்கள். கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடாமல், மயக்கவியல் துறையில் இருக்கும் நாட்களிலாவது காலையிலேயே போய் மூச்சுக்குழாய் செலுத்தக் கற்றுக்கொள்ளுங்கள். இந்தியாவில் பொது மயக்கம் தருவது மயக்க மருத்துவரின் வேலை. ஆயினும் வாய் திறக்காத நோயாளியின் மூச்சுப்பாதை அவருக்கும் உங்களுக்கும் பொதுவான கவலை.

இரண்டாம் ஆண்டில் ஞானப்பல்லையும் எளிய முறிவுகளையும் உதவியோடு நீங்களே செய்வீர்கள். மூன்றாம் ஆண்டில் பெரிய அறுவைகளில் முதல் உதவியாளராகவும், சிலவற்றைப் பேராசிரியரின் கண்காணிப்பில் தலைமையேற்றும் செய்வீர்கள். செய்த ஒவ்வொன்றையும் பதிவேட்டில் அன்றன்றே எழுதுங்கள். ஆய்வேட்டுக்கான தலைப்பை முதலாண்டிலேயே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். மூன்றாண்டுக்குள் போதிய நோயாளிகள் கிடைக்கக்கூடிய தலைப்பாக அது இருக்கட்டும். அரிய நோயைத் தேர்ந்தெடுத்துவிட்டு, கடைசி ஆறு மாதம் நோயாளிக்காகக் காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இறுதித் தேர்வில் எழுத்துத் தாள்களும் வாய்மொழித் தேர்வும் நோயாளியைப் பரிசோதித்து விவரிக்கும் தேர்வும் உண்டு. தேர்வாளர்கள் முன்னிலையில் ஒரு ஞானப்பல்லை எடுத்தும் காட்ட வேண்டும். ஆகவே தேர்வு நாளுக்கான நோயாளி சொன்னபடி வந்து சேர்வாரா என்பது அந்த வாரத்தின் பெரிய பதற்றமாக இருக்கும்.

ஐந்தாம் படி: பட்டத்துக்குப் பிறகு

எம்.டி.எஸ். பட்டத்தைக் கூடுதல் தகுதியாக மாநில மன்றத்தில் பதிவு செய்வது முதல் வேலை. மூன்றாண்டுப் பயிற்சி எல்லாக் கிளைகளிலும் தேர்ச்சி தந்துவிடாது என்பதால், பிளவு அறுவை, தலை கழுத்துப் புற்றுநோய், தாடைச் சீரமைப்பு, விபத்துச் சிகிச்சை ஆகியவற்றில் ஒன்றில் ஓராண்டோ இரண்டாண்டோ ஃபெல்லோஷிப் என்னும் சிறப்புப் பயிற்சி செய்வது இப்போது வழக்கமாகிவிட்டது. 1969 முதல் இயங்கும் இந்திய வாய், தாடை, முக அறுவை மருத்துவர் சங்கமும் இத்தகைய பயிற்சிகளை அளிக்கிறது.

வெளிநாடு செல்ல நினைப்பவர்கள் அங்குள்ள முறையை இங்கிருந்தே புரிந்துகொள்ள வேண்டும். பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் இத்துறைக்குப் பல் மருத்துவம், பொது மருத்துவம் என்னும் இரண்டு பட்டங்களும் வேண்டும். அமெரிக்காவில் பல் மருத்துவப் பட்டத்துக்குப் பிறகு நான்கு ஆண்டுப் பயிற்சி ஒரு வழி, மருத்துவப் பட்டத்தையும் சேர்த்து ஆறு ஆண்டுப் பயிற்சி மற்றொரு வழி. அங்கே பயின்றவர்கள் தங்கள் கிளினிக்கிலேயே மயக்க மருந்து தரவும் பயிற்றுவிக்கப்படுகிறார்கள். இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் பயின்றவர்களுக்கு, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனம் இத்துறையில் எம்.டி. பயிற்சி தருகிறது. எங்கும் இந்தியப் பட்டம் அப்படியே செல்லுபடியாகும் என்று எண்ணிப் பயணச்சீட்டு வாங்கிவிடக்கூடாது.

உள்ளூரிலேயே தொழில் தொடங்குபவர்களில் பலர் தொடக்கத்தில் விசிட்டிங் கன்சல்டன்ட் ஆகவே வாழ்க்கை நடத்துகிறார்கள். சொந்தக் கருவிப் பெட்டியோடு ஒரே நாளில் நான்கைந்து பல் கிளினிக்குகளுக்குப் போய் ஞானப்பல் எடுத்துவிட்டு, அழைப்பு வந்தால் மாலையில் ஏதாவது ஒரு மருத்துவமனையில் தாடை முறிவைப் பார்ப்பார்கள். படிக்கும்போது கண்ட பெரிய அறுவைகள் மாதத்துக்கு ஒன்றிரண்டாகச் சுருங்கிவிடும் என்பது பலருக்கு ஏமாற்றம் தரும் உண்மை. பெரிய அறுவைகளில் கை பழகியிருக்க வேண்டும் என்று விரும்புபவர்கள், ஊதியம் குறைவாக இருந்தாலும் முதல் சில ஆண்டுகள் கல்லூரியிலோ விபத்துப் பிரிவு உள்ள மருத்துவமனையிலோ இருப்பது நல்லது.

விசிட்டிங் போகிறவர்கள் சில ஒழுங்குகளை முதல் நாளிலிருந்தே வகுத்துக்கொள்ள வேண்டும். ஆட்டோகிளேவ் செய்த (நீராவியால் கிருமி நீக்கிய) உங்கள் சொந்தக் கருவிகளை மட்டும் பயன்படுத்துங்கள். எக்ஸ்ரேயை முந்தைய இரவே வாட்ஸ்அப்பில் வாங்கிப் பார்த்துவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் சி.பி.சி.டி. என்னும் முப்பரிமாண ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள், கிளினிக் உரிமையாளர் நாளையே முடித்துவிடச் சொல்லி அவசரப்படுத்தினாலும் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஒப்புதல் படிவம் தமிழில் இருக்கட்டும். ரத்தம் நிற்காவிட்டாலோ வீக்கம் தொண்டைக்கு இறங்கினாலோ அனுப்பிவைக்க, அருகில் உள்ள ஒரு மருத்துவமனையோடு முன்பே பேசிவையுங்கள். நீங்கள் அடுத்த ஊருக்குப் போய்விட்டாலும் நோயாளி உங்கள் பொறுப்புதான். மறுநாள் காலை அவரைத் தொலைபேசியில் அழைத்து, உதட்டு மரப்பு விட்டதா, வாய் எவ்வளவு திறக்கிறது, காய்ச்சல் உண்டா என்று கேட்டு, சொன்ன பதிலைத் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள்.